கொடிக்கால் படத்துக்கு வைத்த விளக்கு

செல்விக்கும் குமரேசனுக்கும் அப்பா எழுதுவது.

புதுச்சத்திரம் கலைக்கூடத்தில் பழைய விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி போடுகிறார்கள். அந்த வேலையை எடுத்திருக்கும் எலக்ட்ரீஷியன்கள் இரண்டு பேர் போன மாதம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். “ஏனுங்க பெரியவரே, அத்தன பெரிய கட்டடத்துக்கு இவ்வளவு மங்கலா வெளிச்சம் வெச்சிருக்கீங்க? கரண்ட் பில்லுக்குப் பயந்துட்டாங்களா?” என்று கேட்டார்கள். குமரேசா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீயும் சிரித்தாய். நான் ஏதோ ஒரு பதில் சொல்லி அனுப்பினேன். அது பதில் இல்லை என்று அவர்களுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஒரு வார்த்தையில் சொல்ல முடியாததை உட்கார்ந்து எழுதித்தான் பார்ப்போமே என்று எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் நான். எழுத்தில் குற்றம் இருந்தால் செல்வி திருத்திக்கொள்ளட்டும்.

நான் தொழில் பழகியது சேலத்தில், மோட்டார் காயில் கட்டும் ஒரு கடையில். பிறகு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் வயரிங். அதற்குப் பிறகு கோழிப்பண்ணைகள். பகல் நீளமாக இருந்தால்தான் கோழி ஒழுங்காக முட்டை வைக்கும் என்பதால் கொட்டகை முழுக்கக் குண்டு பல்பு மாட்டுவோம். முட்டைக்கு வெளிச்சம், நெல் அடிக்கும் களத்துக்கு வெளிச்சம், கல்யாணப் பந்தலுக்கு வெளிச்சம், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. எந்த இடத்திலும் வேலை கொடுத்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இன்னுங் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும் பழனியப்பா.”

எழுபதுகள் முடிகிற சமயத்தில் பெரியசாமி அண்ணன் ஆள் அனுப்பினார். அவர் பரமத்தி வேலூர்க்காரர். காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு எல்லாம் உண்டு. லாரிகளும் ஓடின. அவருக்கு ஒரே தங்கை, பெயர் சரசு. மெட்ராஸில் ஓவியம் படித்துவிட்டு வந்து நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தது. லீவு நாளில் கொடிக்காலுக்குள் ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்காது என்பார்கள். மூளைக் காய்ச்சலில் சின்ன வயதிலேயே போய்விட்டது. அது எழுதிய வாட்டர் கலர் படங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. கூடப் படித்தவர்களும் சொல்லிக்கொடுத்தவர்களும் தங்கள் படங்களையும் தருவதாகச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கூடம் கட்டலாம் என்று அண்ணன் புதுச்சத்திரத்தில் இருந்த தன் ரோட்டோரத்து நிலத்தைக் கொடுத்தார். சரசுவோடு படித்த ஒருவர்தான் கட்டடத்துக்கு வரைபடம் போட்டார்.

நீங்கள் பார்த்த கட்டடம்தான். ஆனால் அந்தக் காலத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. ரோட்டுப் பக்கம் ஜன்னல் இல்லை. முகப்பில் ஒரு பூ வேலை இல்லை, ஒரு வளைவு இல்லை, கோடு கூட இல்லை. வெள்ளைச் சுவர், அதற்குப் பின்னால் இன்னொரு வெள்ளைச் சுவர். டீக்கடையில் தினமும் இதே பேச்சு.

“பெரியசாமிக் கவுண்டரு முட்டை வெக்கறதுக்குக் குளிரு ரூமு கட்டறாராமா.”

“முட்டைக்கில்லப்பா. கோழியே வந்து ரூமு போட்டுத் தங்கிட்டுப் போறதுக்கு.”

என்னைப் பார்த்தால், “என்ன பழனியப்பா, கோழி படிக்கறதுக்கு மேஜை வெளக்கும் உண்டா?” என்பார்கள். நானும் சிரித்துவிட்டு உள்ளே போவேன். உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும். சாமான் நிறைந்த வீட்டில் விளக்கு கொஞ்சம் கோணலாக இருந்தால் தெரியாது. வெறும் சுவரில் எல்லாம் தெரியும். ஒரு பல்பு இரண்டு விரல் நகர்ந்தால் சுவரில் ஒரு கறை மாதிரி வெளிச்சம் விழும். அங்கே மறைக்க ஒன்றும் கிடையாது.

விளக்கு வேலைக்கென்று கோயம்புத்தூரிலிருந்து ஜெயசீலன் என்ற இஞ்சினியர் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். பஸ்ஸில்தான் வருவார். எப்போதும் கருநீலச் சட்டை. முதல் நாள் நான் வெள்ளைப் பனியனோடு ஏணியில் நின்றேன். கீழே இருந்து பார்த்துவிட்டு, “இறங்குங்க பழனியப்பன். உங்க பனியனும் ஒரு விளக்கு” என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் கையில் இருந்த, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைச் சுவரோரம் வைத்து, என்னைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். முள் மேலே ஏறியது. விலகச் சொன்னார், இறங்கியது. அதிலிருந்து அந்த வேலை முடியும்வரை நானும் கறுப்புச் சட்டைதான் போட்டேன். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேனா என்று உங்கள் அம்மாவிடம் தெருவில் கேட்டார்கள்.

அவர் வேலை செய்யும் விதம் இப்படி. வெயிலில் நடந்து வந்தவுடனே எதையும் பார்க்க மாட்டார். நடைபாதையில் இரண்டு திருப்பம் இருக்கிறதல்லவா, இரண்டாவது திருப்பத்தில் உள்ள கல் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். என்னையும் உட்காரச் சொல்வார். “ரோட்டு வெயில்ல இருந்து வர்ற கண்ணை ஒரேயடியா உள்ளே தள்ளக் கூடாது. கையைப் பிடிச்சுப் படி இறக்கணும்” என்பார். அதற்காகவே அந்த நடைபாதைச் சுவர்களை ஒன்றைவிட ஒன்று சற்று மங்கலாகப் பூசச் சொன்னார். வடக்குப் பக்கத்துக் கூரைக் கண்ணாடிக்குக் கீழே மெல்லிய மல் துணி இரண்டு அடுக்கு கட்டச் சொன்னார்.

படச் சட்டத்தில் கண்ணாடி இருக்கும். விளக்கு அதில் பட்டுத் திரும்பினால் பார்ப்பவருக்குப் படம் தெரியாது, பல்புதான் தெரியும். அதற்கு அவர் நூல் கட்டுவார். விளக்கிலிருந்து கண்ணாடிக்கு ஒரு நூல், அங்கிருந்து ஆள் நிற்கும் இடத்துக்கு ஒரு நூல். ஒருவர் கண் உயரத்துக்கு நூல் வந்து நின்றால் விளக்கை நகர்த்த வேண்டும். குட்டையானவர், நெட்டையானவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் எல்லாரையும் நினைத்து நூல் கட்டினார். கூடம் முழுக்கப் தறிக்குப் பாவு நூல் போட்ட மாதிரி இருந்தது. கடைசியில் எல்லா விளக்குகளும் மேலே கூரையில் ஒரு பள்ளத்துக்குள் போய்விட்டன. வெளிச்சம் மட்டும் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஓரமாக ஒரு சாயத் துணித் துண்டைத் தொங்கவிட்டார். சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை ஊரில் ஒரு சாயப் பட்டறையில் சொல்லி, சீக்கிரம் வெளுக்கிற சாயமாகக் கேட்டு வாங்கியது. ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடினார். வரும்போதெல்லாம் அந்தக் காகிதத்தைத் தூக்கி, மூடின பாதியையும் மூடாத பாதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

“காகிதத்துல இருக்கிற வாட்டர் கலர் எதையும் மறக்காது பழனியப்பன். இன்னிக்குப் பட்ட வெளிச்சம், நாளைக்குப் படப்போறது, எல்லாத்தையும் சேர்த்து வெச்சுக்கும். அதுக்கு அளவு தாண்டினா கலர் போயிடும். போனது திரும்பாது. இந்தத் துணி படத்துக்கு முன்னாடி வெளுத்து நமக்குச் சொல்லிடும்.”

அதனால்தான் வெளிச்சத்தை அவ்வளவு குறைத்தார். கைப்பிடியைத் திருகி வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர் ஒன்று வைத்து, மீட்டரைப் பார்த்துப் பார்த்துத் திருகி, ஓர் இடத்தில் நிறுத்தி, கைப்பிடியில் ஈயம் வைத்து முத்திரை போட்டார்.

கூடத்தைத் திறந்தார்கள். முதல் வாரமே பெரியசாமி அண்ணனுக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது. நம் பக்கத்தில் பொழுது சாய்ந்து எல்லாக் கிணற்றிலும் மோட்டார் ஓட ஆரம்பித்தால் வீட்டுப் பல்பு கங்கு மாதிரி ஆகிவிடும். அதனால் எங்கே வெளிச்சம் மங்கலாக இருந்தாலும் நம் ஆட்களுக்குத் தோன்றுவது ஒன்றுதான், லோ வோல்டேஜ். வந்தவர்கள் யாரும் கல் பெஞ்சில் உட்காரவில்லை. வெயிலிலிருந்து நேராக உள்ளே நுழைந்து, கண்ணைக் கசக்கி, “அடடா, வோல்டேஜ் இல்லாமப் போச்சே” என்று பரிதாபப்பட்டார்கள். அண்ணனோடு லாரி ஓட்டும் கூட்டாளி ஒருவர், “சினிமாக் கொட்டாயில படம் போட்டதுக்கப்பறம் பூந்தாப்பல இருக்குது மாப்ள. எவன் மடியிலயோ உக்காரப் பாத்தேன்” என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

அந்தச் சமயம் நான் ஓமலூரில் ஒரு மில் வேலையில் இருந்தேன். சில மாதம் கழித்துத் திரும்பி, ஜெயசீலன் சாரோடு கூடத்துக்குப் போனேன். முதல் திருப்பத்திலேயே அவர் நின்றுவிட்டார். உள்ளிருந்து வெளிச்சம் நடைபாதை வரை வழிந்தது. மெயின் போர்டுக்குப் பக்கத்தில் பீரோ அளவுக்கு ஒரு ஸ்டெபிலைசர் உட்கார்ந்திருந்தது. அண்ணன் தன் பட்டறையிலிருந்து கொண்டுவந்து, முத்திரை போட்ட டிரான்ஸ்பார்மரைத் தாண்டி விளக்குகளுக்கு நேரே கரண்ட் போகும்படி பட்டறை ஆளை வைத்தே மாட்டியிருந்தார்.

ஜெயசீலன் சார் முதலில் மெயினை அணைத்தார். ஒவ்வொரு துணியாகக் கறுப்புக் காகிதத்தைத் தூக்கினார். அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். முகத்தில் பெருமை.

“வாங்க சார். வோல்டேஜ சரி பண்ணிப் போட்டேன். இப்பத்தான் பளிச்சுனு இருக்குதுங்களா?”

சார் ஒரு துணித் துண்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார். “இதுல எந்தப் பாதி பழசு, எந்தப் பாதி புதுசு?”

“இதுதேன் புதுசு” என்று மூடியிருந்த பாதியை அண்ணன் காட்டினார்.

“ரெண்டும் ஒரே துணி. உங்க முன்னாடிதான் தொங்கவிட்டோம்.”

அண்ணன் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. அப்புறம் கோபம் வந்தது. “அப்ப எந்தங்கச்சிய இருட்டுல வெக்கறதுக்கா நா இத்தன பெரிய கட்டடம் கட்டுனேன்? பொட்டியிலயே இருந்திருக்குமே!”

“இருட்டுல வெக்கலைங்க. கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கறோம். உங்க பேரன் பேத்திக்கும் மிச்சம் இருக்கணும்ல.”

ஸ்டெபிலைசரை அன்றைக்கே கழற்றினேன். நல்ல வேளை, துணி வெளுத்த அளவுக்குப் படங்கள் வெளுக்கவில்லை. ஆனால் அண்ணன் சமாதானமாகவில்லை. போகும்போது சாரிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எங்காத்தா இன்னும் இங்க வரலீங்க. சரசு போனதுக்கப்பறம் அந்தப் பொட்டியத் தொறக்கவே உடல. கண்ணு மங்கிப் போயி, இப்ப ஆப்பரேசன் பண்ணிக் கட்டுப் பிரிச்சாச்சு. முதச் சோலியா புள்ள எழுதுனதப் பாக்கோணுங்குது. அது வந்து ஒண்ணுந் தெரியலன்னு சொன்னா நா என்ன பண்றதுங்க சார்?”



அண்ணனின் அம்மா பாவாயம்மாள் அடுத்த வாரமே வந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் ஆத்தாதான், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஒரு கண்ணில் ஆப்பரேஷன் செய்து தடித்த கண்ணாடி போட்டிருந்தார். இன்னொரு கண்ணுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். புருஷன் போனதிலிருந்து வெள்ளைச் சேலைதான். ஜெயசீலன் சார் அந்தச் சேலையைப் பார்த்தார். கையைப் பிடித்து அழைத்துவந்து கல் பெஞ்சில் உட்காரவைத்தார்.

“எதுக்குச் சாமி இங்க உக்கோரச் சொல்ற?”

“கண்ணு பழகட்டும்மா.”

“இந்தக் கண்ணு என்னைக்குச் சொன்ன பேச்சுக் கேட்டுது” என்று சிரித்தார். நாங்கள் எல்லாரும் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு உள்ளே போனோம். ஆத்தா முதல் படத்தின் முன்னால் போய் நின்றார். அவர் நெருங்க நெருங்க சேலையின் வெள்ளை சுவரில் பட்டுப் படம் கொஞ்சம் தெளிந்தது. சார் கையிலிருந்த மீட்டரில் முள் ஏறியதை நான் பார்த்தேன். அவர் மீட்டரை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆத்தா தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அடுத்த படத்துக்குப் போனார்.

“சட்டம் தெரியுது சாமி. சட்டத்துக்குள்ள வெளுப்பாக் காயிதம் தெரியுது. அதுக்குள்ள புள்ள என்ன பண்ணி வெச்சிருக்குதுன்னு தெரியலையே.”

பெரியசாமி அண்ணன் சாரைப் பார்த்தார். “இப்பச் சொல்லுங்க சார்.”

சார் தனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தார். விளக்கின் சாய்வை மாற்றச் சொன்னார். சட்டத்துக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். இன்னும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. வயதான கண்ணுக்குள் வெளிச்சம் குறைவாகத்தான் போகும், இந்தக் கண்ணுக்கு இதைப் போலப் பல மடங்கு வேண்டும் என்று கடைசியில் ஆத்தாவிடமே சொன்னார். அவ்வளவு வெளிச்சம் வைத்தால் படங்களுக்கு என்ன ஆகும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

ஆத்தா அவர் பக்கம் திரும்பினார். “துணிக்கடைக் கண்ணாடிப் பொட்டியில தொங்கற சேல, வெயில் பட்ட மடிப்பு மட்டும் வெளுத்துப் போவுமே. அதாட்டவா?”

“அதேதாம்மா.”

“எல்லாத்துக்கும் வெளிச்சம் போட்டா எல்லாம் போயிரும். ஒண்ணுக்கு மட்டும் போட்டா?”

“அந்த ஒண்ணு போகும்.”

“எத்தன நாளைக்கு வரும் சாமி?”

“உங்களுக்குத் தெரியற அளவு வெளிச்சம்னா… சில வருசம் வரும்மா. அதுக்கு மேல நிக்காது.”

“எனக்கும் அவ்வளவுதேன்.”

அண்ணன் பொறுக்க முடியாமல் கத்தினார். “ஆத்தா! போன வாரம் நாந்தான் வெளிச்சங் கேட்டேன், இல்லீங்கல. ஆனா அவ எழுதுனத நாமளே அழிக்கறதா?”

“அழிக்கறதில்லடா பெரியா. நா செலவு பண்றேன். எம்புள்ள எனக்குக் குடுத்ததுல ஒண்ணே ஒண்ணு.”

ஜெயசீலன் சார் வெளியே போய்விட்டார். நான் பின்னால் போனேன். வாசலில் நல்ல வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கண் கூசக் கூட இல்லை அவருக்கு. “எதையும் போக விடாமப் பாத்துக்கறதுக்குத்தான் என்னைக் கூப்பிடறாங்க பழனியப்பன். நான் படிச்சதுல இந்தம்மா கேக்கறதுக்கு இடமே கிடையாது. ஒண்ணுக்குச் சரின்னு சொன்னா நாளைக்கு இன்னொருத்தர் இன்னொண்ணு கேட்பாங்க.” லாரி ஒன்று போனது, இன்னொன்று போனது. “ஆனா அந்தம்மா பாக்க முடியாத கூடத்தை யாருக்காகக் காப்பாத்தி வெக்கறேன்?” என்று அவரே கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஆத்தாவுக்கு முன்னால் குனிந்து, “எந்தப் படம்மா?” என்றார்.

ஆத்தாவால் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். “இது ஆத்தங்கர. இது பரிசலு. இது நம்மூட்டுக் கட்டுத்தரை, ரெண்டு மாடு நிக்குது. இது கொடிக்கால்ல நீ வெத்தல கிள்றது.”

“நானா? என்ற மொகம் இருக்குதா?”

“மொகம் இல்ல ஆத்தா. குனிஞ்சு நிக்கற. முதுகுதேன் தெரியுது.”

“அது போதும். என்னைய எழுதுனது எனக்கு. நல்லா எழுதுனதெல்லாம் வர்றவங்க பாக்கட்டும்.”

கூடத்தின் ஓரத்தில் சாமான் வைக்கக் கட்டியிருந்த ஒரு சின்ன அறையை ஜெயசீலன் சார் அந்தப் படத்துக்கென்று ஒதுக்கினார். அங்கே எரிகிற வெளிச்சம் மற்றப் படங்கள்மேல் விழாதபடி வாசலுக்குக் குறுக்கே ஒரு மறைப்புச் சுவர். உள்ளே ஒரு பெஞ்சு. மேலே நல்ல வெளிச்சமாக ஒரு விளக்கு. ஸ்விட்ச் மட்டும் சாதாரண ஸ்விட்ச் வேண்டாம் என்றார். வீட்டு வாசலில் காலிங் பெல்லுக்கு வைப்போமே, அந்த மாதிரி அமுக்குகிற பொத்தான். அமுக்கிப் பிடித்தால் எரியும், கையெடுத்தால் அணைந்துவிடும். அதைப் பெஞ்சிலேயே கை எட்டும் இடத்தில் வைத்தேன். பிள்ளைகளே, எத்தனையோ பெரிய இடத்துக்கெல்லாம் வயரிங் செய்திருக்கிறேன். அந்த ஒரு பொத்தானைத்தான் மனசு ஆறும்வரை கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

ஆத்தா உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். பச்சையும் மஞ்சளுமாகக் கொடிக்கால் எழுந்து நின்றது. அகத்தி மரத்து நிழலில் வெற்றிலைக் கொடிகள், நடுவில் குனிந்து நிற்கும் ஒரு பெண். ஆத்தா வாயைப் பொத்திக்கொண்டார்.

“பச்சச் சேல! அதக் கட்டிட்டுத்தேன் நா அப்பக் கொடிக்காலுக்குப் போவேன். ஒட்டுப் போட்டது. ஒட்டக் கூட எழுதி வெச்சிருக்குது பாரு கழுத!”

உடனே கையை எடுத்துவிட்டார். விளக்கு அணைந்தது. “போதும். இன்னைக்கு இவ்வளவு போதும்” என்று எழுந்தார்.

அதன் பிறகு மாதத்தில் சில முறை வருவார். அண்ணன் காரில் கொண்டுவந்து விடுவார், இல்லையென்றால் பரமத்தி வேலூரிலிருந்து பஸ்ஸில் நாமக்கல் வந்து அங்கிருந்து வேறு பஸ் பிடித்து வருவார். கூடத்து விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு இருந்ததால் பல நாள் நானும் அங்கே இருப்பேன். அவர் உள்ளே இருக்கும்போது நான் வெளியே நிற்பேன். விளக்கு எரிவதும் அணைவதும் மறைப்புச் சுவரின் ஓரத்தில் தெரியும். கொஞ்ச நேரம் எரியும், அணையும். பிறகு நெடுநேரம் இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். மறுபடி எரியும். பார்த்ததை மனதுக்குள் ஒரு முறை பார்த்துக்கொண்டு, அது தீர்ந்ததும்தான் மறுபடி அமுக்குவாராம். அவரே சொன்னார்.

முதலில் மஞ்சள் போனது. மஞ்சளும் நீலமும் கலந்ததுதானே பச்சை. மஞ்சள் போனதும் வெற்றிலை எல்லாம் நீலமாகிவிட்டது. ஜெயசீலன் சார் வந்து பார்த்தார். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் அவர் துணி எதுவும் தொங்கவிடவில்லை. “இங்க எதுக்கு அது” என்றார்.

ஒரு நாள் ஆத்தா உள்ளிருந்து கூப்பிட்டார். போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பழனியப்பா, நெசத்தச் சொல்லு. படம் போவுதா, எங்கண்ணு போவுதா?”

பொய் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அந்தம்மாளிடம் யாரும் அதுவரை பொய் சொல்லவில்லை. “ரெண்டுந்தானுங்க ஆத்தா” என்றேன்.

ஆத்தா தலையை ஆட்டினார். “செரி. ஒண்ணு முந்தாம ஒண்ணு பிந்தாமப் போனாச் செரி” என்றார். அன்றைக்குப் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. அதன் பிறகு வந்த நாட்களிலும் எடுத்து எடுத்து வைக்காமல் அமுக்கியபடியே உட்கார்ந்திருந்தார். “இனி எதுக்கு மிச்சம் புடிக்கறது” என்று ஒரு முறை அவராகவே சொன்னார்.

எண்பதுகளின் பிற்பாதியில் ஓர் ஆடி மாதம் ஆத்தா போய்ச் சேர்ந்தார். தூக்கத்திலேயே. கடைசியில் அவருக்கு ஆள் அடையாளமே குரலை வைத்துத்தான்.

கருமாதி எல்லாம் முடிந்து சில நாள் கழித்துப் பெரியசாமி அண்ணன் தனியாகக் கூடத்துக்கு வந்தார். மொட்டை அடித்த தலை. எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். நேராக அந்த அறைக்குள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அதக் கழட்டிரலாம் பழனியப்பா. வெறுங்காயிதந்தானே. வர்றவங்க பாத்துட்டு என்னமோ ஏதோன்னு கேக்கறாங்க. எதுக்குத் தொங்கோணும்?”

திருப்புளியை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனேன். வெளிச்சம் வேண்டுமே என்று, “அண்ணா, பொத்தான அமுக்குங்க” என்றேன். அவர் கை பொத்தான் வரைக்கும் போயிற்று. அமுக்கவில்லை.

“சித்த இரு” என்றார்.

நான் நின்றேன். மறைப்புச் சுவரைச் சுற்றிக் கூடத்திலிருந்து வருகிற மங்கல் மட்டும்தான் இருந்தது. அண்ணன் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம். ரோட்டில் லாரிகள் போகும் சத்தம் கேட்டது. நானும் கொஞ்சம் பொறுத்து அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

“பழனியப்பா, அங்க பாரு. கோடு இருக்குது.”

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மெல்ல மெல்லத் தெரிந்தது. பச்சை போய்விட்டது, மஞ்சள் போய்விட்டது, நீலமும் கரைந்து சாம்பலாகிவிட்டது. ஆனால் வண்ணம் பூசுவதற்கு முன்னால் சரசு பென்சிலால் போட்ட கோடு அப்படியே இருந்தது. பென்சில் கரி வெளிச்சத்துக்கு வெளுக்காது என்று பிற்பாடு ஜெயசீலன் சார் சொன்னார். வண்ணம் இருந்த காலத்தில் சேலையின் பச்சைக்கு அடியில் அது யாருக்கும் தெரிந்ததில்லை. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே இழுப்பில் குனிந்த முதுகு. கொடியை நோக்கி நீட்டிய ஒரு கை.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அது இருக்கட்டும்” என்றார். “திருப்புளிய உள்ள வெய்யி.”

வைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.